பங்கு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வெடி.
புதன்கிழமை காலையில்தான் மிளா.

"எனக்க வெடியாக்கும்லே" என்றான் யோவேல்,
மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு.
நடுவில் கிடந்த நாட்களைப் பற்றி
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கீரிப்பாறைக்கு மேலே
ரப்பர் முடிந்து காடு தொடங்குகிற வளைவு.
வெடிச்சத்தம் அடங்குமுன் மழை பிடித்துக்கொண்டது.
கீழே யாரோ டார்ச் அடித்தார்கள்,
கார்டோ, ஆமை தேடி வந்தவனோ.
காட்டுவாழை இலையில் ரத்தம் இருந்தது.
நுரையில்லாமல், கறுத்து, கொஞ்சம் பச்சை கலந்து.
வயிற்றில் பட்டிருக்கிறது.
வயிற்றில் பட்டது தூரம் போகாது,
சட்டென்று சாகவும் சாகாது.
இரண்டும் எனக்குத் தெரியும்.
"மழை கழுவிப்போடும், நாளைக்குப் பாப்போம்."
சொன்னது யோவேல் இல்லை.
நான்.

திங்கள்கிழமை வெயில்.
முந்நூறு மரம் வெட்டிப் பாலெடுத்தேன்.
செவ்வாய் குலசேகரத்தில் கொழுந்தியாள் மகளுக்குக் கல்யாணம்.
மூன்று பாயசம்.
மூன்றாவதில் பழம் பிசைந்து
இலையை வழித்துத் தின்றேன்.

புதன்கிழமை காக்காய் காட்டிக்கொடுத்தது.
இலையிலிருந்து ஓடைக்கரை வரை எண்ணினேன்,
நூற்று நாற்பது எட்டு.
சர்ச்சிலிருந்து என் வீடு அதைவிடத் தூரம்.

செந்நாய் ஒரு தொடையைத் தின்றிருந்தது.
மீதி ஊதி, நீலம் பாய்ந்து,
ஈ ஒரு போர்வையாக எழுந்து இறங்கியது.
நான் பார்த்தது அதையல்ல.
நான்கு காலுக்குப் பக்கத்திலும்
மண் அரைவட்டமாகத் தோண்டப்பட்டிருந்தது,
காம்பஸ் வைத்து வரைந்ததுபோல.
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று,
அதற்கும் வெளியே ஒன்று.
வாய் எட்டுகிற அளவுக்கு
ஈரமண் நக்கி வழுவழுவென்றிருந்தது.
தண்ணீர் அதற்கப்பால் ஒரு முழம்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு.
வெடி வைத்தவனுக்குத் தலையும் ஒரு தொடையும்.
வெளிச்சம் பிடித்தவனுக்கு ஈரல்.
சுமந்தவனுக்கு நெஞ்செலும்பு.
வழியில் எதிர்ப்பட்டவனுக்கும் ஒரு பிடி,
வாயை அடைக்க.
பின்னால் போகாமல் வீட்டுக்குப் போனவனுக்கு
என்ன பங்கு என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

சட்டப்படி முதல் நொடியிலேயே கள்ளன்மார்தான் நாங்கள்.
ஜெயில், அபராதம், அது கோர்ட்டுக் கணக்கு.
நான் சொல்வது
அதற்குப் பிறகும் மிச்சமாகிற ஒன்றை.

"கறி போச்சு. கொம்பு கெடாதுல்லா" என்று
யோவேல் ஆக்ஸா பிளேடை எடுத்தான்.
அறுக்கிற சத்தம் பலகை அறுப்பதுபோலத்தான்.
ஆளுக்கு ஒரு கொம்பு, மும்மூன்று கவர்.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
கையை நீட்டி வாங்கினேன்.
கனமாக இருந்தது.
என் கொம்பு இப்போது புகைப்புரையில்,
ரப்பர் ஷீட்டுகளுக்கு மேலே,
சாக்கில் சுற்றி.
திங்களும் செவ்வாயும் எங்கே வைப்பது?
அவையும் என் வெடிதானே.

வெள்ளிக்கிழமை சாயாக்கடைக்கு
வாச்சர் மாதேவன் காணி வந்தார்.
முழங்கால்வரை செம்மண், காலில் அட்டை கடித்த ரத்தம்.
"ஓடைக்கரையில ஒரு மிளா. கொம்பில்ல.
ரெண்டு நாளு உசிரோட கெடந்திருக்கு" என்றார்,
பொதுவாக, யாரையும் பார்க்காமல்.
"யாருக்க வெடி?"

யோவேல் சாயாவை ஆற்றினான்.
ஆற்றிக்கொண்டே இருந்தான்,
ஆடை படிகிற வரைக்கும்.
எனக்கு 'எனக்க' என்பது
பல்லுவரை வந்தது.
பழம்பொரியைக் கடித்தேன்.

அவர் தன் சாயாவுக்கு மட்டும்
காசை எண்ணி வைத்துவிட்டு
மழைக்குள் மேலே ஏறிப் போனார்.